என் முகவரியிலிருந்தே எனக்கு ஸ்பேம்: கேள்வி பதில்

கேள்வி: என் ஜிமெயிலுக்கு என் முகவரியிலிருந்தே ஒரு மெயில். "உன் கம்ப்யூட்டர் என் கையில், பிட்காயின் அனுப்பு" என்கிறது. என் பழைய பாஸ்வேர்டையும் சரியாகச் சொல்கிறது. ஹேக் செய்துவிட்டார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பணம் அனுப்பாதீர்கள், பதிலும் போடாதீர்கள். மெயிலைக் கொண்டுபோகும் எஸ்எம்டிபி 1982-இல் வகுக்கப்பட்டது. அனுப்புவது யார் என்று சரிபார்க்கும் வேலை அதில் இல்லை. தபால் உறையில் அனுப்புநர் என்று யார் பெயரையும் எழுதிவிடலாம் இல்லையா, 'ஃப்ரம்' வரியும் அப்படித்தான். பாஸ்வேர்டு, எப்போதோ வேறொரு தளத்திலிருந்து கசிந்த பட்டியலில் கிடைத்திருக்கும். 2018-இல் இந்த மிரட்டல் உலகம் முழுக்கச் சுற்றியது. அதே பாஸ்வேர்டு இன்னும் எங்காவது இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

உறுதி செய்ய, கம்ப்யூட்டரில் அந்த மெயிலைத் திறந்து மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்துங்கள். டிமார்க் (ஃப்ரம் வரியில் உள்ள முகவரி உண்மையா என்று பார்க்கும் சோதனை) எதிரே ஃபெயில் என்றிருந்தால் போலி. அப்புறம் சென்ட் பெட்டியைப் பாருங்கள். நீங்கள் அனுப்பாதது அங்கே இருந்தால் கணக்குக்குள் ஆள் புகுந்திருக்கிறார் என்று அர்த்தம். பாஸ்வேர்டை மாற்றி, இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, யாரோ வைத்த ஃபார்வர்டு, ஃபில்டர் இருந்தால் நீக்குங்கள்.

கேள்வி: நான் அனுப்பாத மெயில்கள் 'டெலிவரி ஆகவில்லை' என்று குவிகின்றன.

பதில்: உங்கள் முகவரியைப் போட்டு யாரோ ஸ்பேம் அனுப்புகிறார். திரும்புவது உங்களிடம் வருகிறது. இணைப்புகளைத் திறக்காதீர்கள். சென்ட் பெட்டியைப் பாருங்கள்.

கேள்வி: பாஸ்வேர்டை மாற்றியும் என் பெயரில் ஸ்பேம் போகிறதே?

பதில்: போகத்தான் செய்யும். போலிக்கு உங்கள் பாஸ்வேர்டே தேவையில்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கடைக்குச் சொந்த டொமைன். எஸ்பிஎஃப் (என் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்) போட்டும் என் பெயரில் போலி பில் போகிறது.

பதில்: எஸ்பிஎஃப் பார்ப்பது சர்வர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் முகவரியை. வாடிக்கையாளர் கண்ணில் படும் ஃப்ரம் வரியை அது பார்ப்பதில்லை. இரண்டையும் பொருத்திப் பார்ப்பது டிமார்க். முதலில் டிகிம் (மெயில் வழியில் மாறவில்லை என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) கையொப்பம் போடுங்கள். டிமார்க்கை 'நன்' (எதையும் தடுக்காதே, அறிக்கை மட்டும் அனுப்பு) நிலையில் வைத்து, வரும் அறிக்கைகளில் உங்கள் பில் மென்பொருள் உட்பட எல்லாம் பாஸ் ஆகிறதா என்று பாருங்கள். பிறகு 'குவாரண்டைன்' (தேறாததை ஸ்பேமில் போடு), கடைசியில் 'ரிஜெக்ட்' (ஏற்காதே).

கேள்வி: ரிஜெக்ட் போடச் சொல்லலாமா? 2014 ஏப்ரலில் யாஹூ போட்டபோது மெயிலிங் லிஸ்ட்கள் (ஒருவர் மெயிலைக் குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவைப்பவை) என்ன பாடுபட்டன!

பதில்: உண்மைதான். லிஸ்ட் மெயிலின் தலைப்பையோ அடிக்குறிப்பையோ மாற்றினால் டிகிம் உடையும், எஸ்பிஎஃப்பும் பொருந்தாது, நல்ல மெயிலும் தள்ளப்படும். ஆனால் யாஹூவில் கோடிக்கணக்கானவர்களின் சொந்த மெயில் இருந்தது. இந்தக் கடைக்காரரிடம் இருப்பது பில் அனுப்பும் டொமைன்.

கேள்வி: கடைக்காரரின் வாடிக்கையாளர் மெயிலை ஃபார்வர்டு செய்து படித்தால்?

பதில்: தானியங்கி ஃபார்வர்டில் உள்ளடக்கம் மாறாவிட்டால் டிகிம் தாங்கும். அதனால்தான் டிகிம் முதலில் என்றேன். நீங்கள் சொல்லும் தொல்லைக்காக 'நன்'னிலேயே நின்றால், போலி பில்லை நம்பிப் பணம் கட்டுபவருக்கு யார் பதில் சொல்வது?

கேள்வி: மிரட்டலுக்குப் பயந்து பணம் கட்டிவிட்டேன்.

பதில்: உடனே இந்தியாவின் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள். மெயிலை அழிக்காதீர்கள். மறுபடி கேட்பார்கள், அனுப்பாதீர்கள்.

கேள்வி: என் முகவரியையே பிளாக் செய்யலாமா?

பதில்: வேண்டாம். நீங்களே உங்களுக்கு அனுப்பிக்கொள்ளும் மெயிலும் ஸ்பேமுக்குப் போய்விடும். வந்ததை 'ஸ்பேம்' என்று குறியுங்கள், போதும்.