இருபது நாள் மலைநடைக்கு எந்தக் கேமரா?

முதுகுப்பையோடு இமாச்சலம் கிளம்பும் சேலத்து நண்பர்கள் கேமரா பற்றிக் கேட்டவற்றுக்கு, சுமந்து பட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

அஸ்தம்பட்டி வாசகர்: என்னிடம் நிக்கான் டி750, 24-120 லென்ஸ் இருக்கின்றன. கொண்டுபோகலாமா?

பேட்டரியோடு கேமரா 840 கிராம், லென்ஸ் 710. அதற்குள்ளாகவே ஒன்றரைக் கிலோவைத் தாண்டிவிட்டது. சார்ஜரும் உறையும் இன்னும் வரவில்லை. நானும் முதல் பயணத்தில் இவ்வளவு சுமந்தவன்தான். இரண்டாம் நாளே வார் உராய்ந்து கழுத்து சிவந்துவிட்டது. கேமராவைப் பையின் அடியில் போட்டேன். அதன்பின் ஒரு படம் எடுக்க வேண்டுமானால் மழைக்கோட்டையும் ஈரத் துண்டையும் வெளியே இறைக்க வேண்டும். யார் இறைப்பார்கள்? ஊர் திரும்பிப் பார்த்தால் பாதிப் படங்கள் தங்கிய வீட்டுத் திண்ணையில் எடுத்தவை.

எல்லாவற்றையும் மளிகைக்கடைத் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுச்சுமையோடு ஏற்காடு ஏரியிலிருந்து சேர்வராயன் கோயில் வரை நடந்து போய் வாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் ஏறியது கணக்கில் சேராது.

சூரமங்கலம் மாணவர்: சரி அண்ணா, எதைத்தான் வாங்குவது?

ஒலிம்பஸ் இ-எம்10 மார்க் 4 பேட்டரியோடு 383 கிராம். மடங்கும் 14-42 லென்ஸ் 93, 40-150 லென்ஸ் 190. மொத்தம் 666 கிராம். இதன் சென்சார் சிறியது என்பதால் பழைய முழுச்சட்டக் (35 மி.மீ. ஃபிலிம் அளவு) கணக்கில் 28 முதல் 300 மி.மீ. வரை, அதாவது அகன்ற காட்சியிலிருந்து தூரத்துச் சிகரம் வரை கிடைத்துவிடுகிறது. அந்தி மங்கினால் படத்தில் புள்ளிகள் தெரியும். எடை குறைவதற்காக அந்தக் குறையை நான் மனமொப்பி ஏற்கிறேன். அதுவும் கனம் என்றால் ரிக்கோ ஜிஆர் 3: 257 கிராம், சட்டைப்பையிலேயே கிடக்கும். ஜூம் கிடையாது, காலால்தான் நெருங்க வேண்டும்.

நாகலூர் வாசகி: எங்கள் ஊர் மூடுபனியிலேயே லென்ஸ் வேர்த்துவிடுகிறது. அங்கே?

ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வேர்ப்பதும் இதுவும் ஒன்றுதான். ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று படிகிறது. இமாச்சலத்தில் இது தலைகீழ்: பனியில் கிடந்த கேமராவோடு அடுப்பெரியும் சமையலறைக்குள் நுழையும்போதுதான் வேர்க்கும். வாசலிலேயே அதை பிளாஸ்டிக் பைக்குள் இறுகக் கட்டிவிடுங்கள். ஈரம் பையின்மேல் படியும். கேமரா அறையின் சூட்டுக்கு வந்தபின் பிரியுங்கள். துடைக்கிறேன் என்று வேட்டி நுனியை மட்டும் எடுக்காதீர்கள்.

ஆத்தூர் வாசகர்: முக்காலி வேண்டுமா?

வேண்டாம். பாறைமேல் மடித்த ஸ்வெட்டர் போதும்.

அம்மாபேட்டை வாசகர்: பேட்டரி எத்தனை? விமானத்தில் விடுவார்களா?

மூன்று. குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். இரவில் தூங்கும் பைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். உதிரி பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும், சரக்குப் பெட்டியில் அனுமதி இல்லை. 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஏறத்தாழ 37 வாட்-மணிதான். 100 என்ற வரம்புக்கு வெகு கீழே.