கடலில் கயாக்: நம்ம ஊர்க்காரர்கள் கேட்டவை

தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து ராமநாதபுரம் பக்கம் போய், பாக் விரிகுடாக் கரையோரமாக ஒரு நாள் கயாக் (ஒடுங்கிய, நீளமான துடுப்புப் படகு) ஓட்ட நினைப்பவர்களின் கேள்விகள் இவை.

பென்னாகரம்: ஒகேனக்கல்ல பரிசல் தள்ளிப் பழக்கம் உண்டுங்க. கயாக் அதைவிடச் சுலபம்தானே அண்ணா?

தண்ணீர் பயம் இருக்காது, அது நல்லது. கைப்பழக்கத்தை மட்டும் மாற்றணும். பரிசல் வட்டம், முன்னால் துடுப்பைப் போட்டுத் தன் பக்கம் இழுப்போம். கயாக் 12 முதல் 16 அடி நீளம், துடுப்புக்கு இரண்டு முனையிலும் அலகு, அதாவது தண்ணீரைத் தள்ளும் தட்டையான பகுதி. பாதத்துக்கு நேராக அலகை முழுசாக முக்கி, இடுப்புக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். இடுப்பைத் தாண்டி இழுத்தால் படகு திரும்பும், முன்னே போகாது. வெறும் கையால் இழுத்தால் அரை மணியில் தோள் விட்டுப்போகும். உடம்பைத் திருக்கி, அதே பக்கக் காலால் மிதிபலகையை உந்த வேண்டும். அலகில் நீளமான விளிம்பு மேலே இருக்கணும். புதியவர்கள் தலைகீழாகப் பிடிப்பது சகஜம்.

ஓசூர்: வெள்ளி ராத்திரி கிளம்பி சனி காலையில கடல்ல இறங்கலாமா?

வேண்டாம். 400 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டிய உடம்பு அது. சனிக்கிழமை தூங்குங்கள், ஞாயிறு காலை 6 மணிக்கு இறங்கி 10:30க்குள் கரையேறுங்கள். அதற்குப் பிறகு கடற்காற்று ஏறும். பிப்ரவரி, மார்ச் நல்லது. வடகிழக்குப் பருவமழையில் இந்தக் கரை நேராக அடி வாங்கும்.

கிருஷ்ணகிரி: ஆடி மாசத்துல ராமேஸ்வரம் வடக்குக் கரை கண்ணாடி மாதிரி இருக்குதாமே. அப்பவே போகலாமில்ல சார்?

அந்தக் கண்ணாடியை நம்பாதீர்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்போம். அந்தக் காற்று அங்கே நிலத்தைத் தாண்டி வருகிறது. கரையோரத்தில் அலை எழும்ப அதற்கு இடம் போதாது, அவ்வளவுதான். காற்று என்னவோ உங்களை உள்கடலுக்குத்தான் தள்ளுகிறது. போகும்போது "நல்லா ஓட்டுறோமே" என்று தோன்றும். அரை கிலோமீட்டர் தள்ளிப் போனதும் அலை தெரியும், திரும்பும் வழி முழுக்க எதிர்காற்று. புதியவரின் வேகமே மணிக்கு 4 கிலோமீட்டர்தான். எதிர்காற்றில் அது பாதியாகும். காவிரியில் கை ஓய்ந்தாலும் கீழே ஏதாவது கரை தட்டும். இங்கே எதிர்க்கரை இலங்கை.

இதற்கு ஒரு சோதனை உண்டு. கரையில் ஒரு தென்னையையும் அதற்கு நேர் பின்னால் ஒரு கோபுரத்தையும் குறித்துக்கொண்டு, 5 நிமிடம் துடுப்புப் போடாமல் இருங்கள். இரண்டும் விலகினால் பக்கவாட்டில் இழுக்கிறது. மரம் சிறுத்துக்கொண்டே போனால் உடனே திரும்புங்கள். எந்த மாதமானாலும் முதல் பாதியை எதிர்காற்றில் ஓட்டுங்கள், களைத்த பிறகு காற்று உதவட்டும். அலை முகட்டில் வெள்ளை நுரை தெரிந்தால் அன்றைக்கு அதோடு சரி.

அரூர்: நீச்சல் தெரியாது. கவிழ்ந்தா?

லைஃப் ஜாக்கெட் போட்டதும் ஒருவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் தளர்வு, பட்டியை இறுக்குங்கள். பிறகு இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்ந்து மூன்று முறையாவது ஏறிப் பழகணும். படகை விடாதீர்கள், காற்றில் அது உங்களை விட்டு ஓடிவிடும். படகை நிமிர்த்தி, நடுவில் பிடித்து, கால்களை நீர்மட்டத்துக்கு உதைத்து உயர்த்தி, வயிற்றால் குறுக்கே ஏறுங்கள். பிறகு புரண்டு உட்கார்ந்து, கடைசியில் கால்களை உள்ளே வையுங்கள். நிமிர்ந்தபடி ஏறப் பார்த்தால் படகு உங்கள் மேலேயே கவிழும்.

பாலக்கோடு: போன தடவை நல்லாதான் போச்சு, ஒரு மணி நேரத்துல படகு ரெண்டு பக்கமும் ஆட ஆரம்பிச்சிருச்சு. ஏன்?

பின்பக்கம் கட்டைவிரல் பருமனில் வடிகால் மூடி ஒன்று இருக்கும். அது திறந்திருந்திருக்கும், அல்லது அதன் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். கூட்டுக்குள் புகுந்த தண்ணீர், நீங்கள் சாயும் பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். உட்காரும் இடத்திலுள்ள துளைகள் வேறு. அவை தண்ணீர் வடியத்தான், அடைக்காதீர்கள்.

காவேரிப்பட்டணம்: களி கட்டிக்கலாமா?

கரையேறி சாப்பிடுங்கள்! வயிறு நிறைந்தால் உடம்பு திரும்பாது. படகில் கடலைமிட்டாய், ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், இரண்டு பொட்டலம் உப்புச்சர்க்கரைக் கரைசல் போதும்.

ஊத்தங்கரை: தீவுல இறங்கலாமா?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. போனை நீர்புகா உறையில் போட்டு ஜாக்கெட்டிலேயே கட்டுங்கள். கடலோரக் காவல்படையின் மீட்பு எண் 1554.