கிண்டிலா, டேப்லெட்டா? – கேள்வி பதில்

கேள்வி: பணி ஓய்வு பெற்ற ஆசிரியை நான். நாவல்கள் மட்டுமே படிக்கிறேன். கண் விரைவில் சோர்ந்துவிடுகிறது. எதை வாங்கலாம்?

பதில்: அம்மா, நீங்கள் கிண்டில் போன்ற படிப்புக் கருவியையே வாங்குங்கள். அதன் மின்மைத் திரையில் (இ-இங்க்) மயிரிழைப் பருமனே உள்ள நுண்குமிழ்கள் நிரம்பியுள்ளன. ஒவ்வொன்றிலும் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மிதக்கின்றன. பக்கம் திரும்பும்போது மட்டும் மின்சாரம் அவற்றை நகர்த்துகிறது. பிறகு அவை நின்ற இடத்திலேயே நிற்பதால் மின்கலம் வாரக்கணக்கில் தாங்குகிறது. திரைக்குப் பின்னிருந்து ஒளி கண்ணில் பாய்வதில்லை. ஓரத்திலிருந்து பக்கத்தின்மீது விழுகிறது. கிண்டில் கடையில் 2016 டிசம்பர் முதல் தமிழ் நூல்களும் கிடைக்கின்றன. கண் எரிச்சல் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கருவி அதைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

வாங்குமுன் எல்லோரும் ஒன்று செய்யுங்கள். உங்களிடம் இருக்கும் கோப்பைத் திறந்து எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வரி மடிந்து கீழே இறங்கினால் படிப்புக் கருவி போதும். பக்கம் விளிம்பைத் தாண்டி ஓடினால் அது உங்களுக்கு ஏற்றதன்று.

கேள்வி: ஆய்வு மாணவன் நான். தமிழ் இணையக் கல்விக்கழகம், ‘நூலகம்’ என்னும் ஈழத்து மின்னூலகம் ஆகிய தளங்களிலிருந்து இறக்கிய ஸ்கேன் பிடிஎஃப்களே என்னிடம் மிகுதி. கிண்டில் விலை குறைவாக இருக்கிறதே?

பதில்: தம்பி, விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். 6 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 91 மி.மீ., உயரம் 122 மி.மீ. டெம்மி அளவுப் புத்தகப் பக்கமோ 140க்கு 216 மி.மீ. முழுப் பக்கமும் திரையில் அடங்க வேண்டுமானால் அது 56 விழுக்காடாகச் சுருங்கும். 10 பாயின்ட் அளவு எழுத்து 6 பாயின்ட்டுக்கும் கீழே போய்விடும். அந்த அளவில் மெய்யெழுத்தின் புள்ளி பழைய காகிதத்தின் கறையோடு கலந்துவிடுகிறது. 8 அங்குல டேப்லெட்டில் அதே பக்கம் 77 விழுக்காட்டில் தெரியும். உங்களுக்கு டேப்லெட்தான்.

கேள்வி: இதை நான் மறுக்கிறேன். கிண்டிலைக் குறுக்காகத் திருப்பினால் அகலம் 122 மி.மீ. ஆகிறது. நான் அப்படித்தான் படிக்கிறேன்.

பதில்: உங்கள் கணக்கு சரியானது, எழுத்து 87 விழுக்காடாக வளர்கிறது. தொடர்ந்து ஓடும் உரைநடைக்கு அது உதவும் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒரே பக்கம் இரண்டு மூன்று துண்டாக உடைகிறதே! மேலே செய்யுள், நடுவில் உரை, அடியில் பாடபேதம் (வேறு சுவடிகளில் காணும் மாற்றுச் சொற்கள்) என்று அமைந்த பதிப்பில், ஒரு சொல்லுக்காக மேலும் கீழும் பத்து முறை போய்வர வேண்டும். மின்மைத் திரையோ ஒவ்வொரு முறையும் தயங்கித்தான் மாறும்.

கேள்வி: படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சாக்கும் எழுத்துணரி (ஓசிஆர்) மென்பொருளால், வரி மடியும் இபப் கோப்பாக மாற்றிக்கொண்டால் சண்டையே இல்லையே?

பதில்: நான் அந்த வேலையைச் செய்கிறவன், ஆகவே விரிவாகவே சொல்கிறேன். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணா, றா, னா ஆகியவை ஒட்டிய வடிவிலும், ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை போன்ற கொம்போடும் இருக்கும். மென்பொருள் அங்கே தடுமாறுகிறது. ரகரத்தையும் கால் (ா) குறியையும் எல்லாக் காலத்து அச்சிலும் குழப்புகிறது. 200 பக்க நூல் ஒன்றை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. திருத்தாத கோப்பிலிருந்து ஆய்வேட்டுக்கு மேற்கோள் எடுப்பது தவறு. அந்தப் பொறுமை உங்களுக்கு இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், செய்ததைப் பிறருக்கும் கொடுங்கள். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது; தன்னார்வலர்கள் தட்டச்சிட்டும் திருத்தியும் தந்த உழைப்பால் அது வளர்ந்தது.

கேள்வி: எது நல்லது, கிண்டிலா டேப்லெட்டா?

பதில்: முதல் இரண்டு பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: பள்ளிப் பாடநூல்களுக்கு வண்ண மின்மைத் திரை சரிவருமா?

பதில்: வராது. இப்போதைய வண்ண மின்மைத் திரைகளில் கறுப்பெழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் வண்ணம் பெரும்பாலும் 150தான். பாடநூலின் வரைபடங்களுக்கு 10 அங்குல டேப்லெட் வாங்குங்கள்.

கேள்வி: டேப்லெட்டின் மின்கலம் உப்பியிருக்கிறது, என்ன செய்வது?

பதில்: சார்ஜ் போடாதீர்கள், பழுதுபார்ப்பவரிடம் உடனே கொடுங்கள். இது என் துறையன்று.

கேள்வி: என்னிடம் நூறு பிடிஎஃப் உள்ளன, எதை வாங்கலாம்?

பதில்: எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தீர்களா? பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: பார்த்தேன். பக்கம் விளிம்பைத் தாண்டி ஓடுகிறது.

பதில்: டேப்லெட்.