மலையேறும் சைக்கிள்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியில் சமதளத்தில் எல்லோரும் ஒரே கூட்டமாகப் போகிறார்கள். மலை வந்ததும் ஏன் சிதறிவிடுகிறார்கள்?

பதில்: மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் உழைப்பின் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கவே போய்விடும். முன்னால் ஒருவர் போனால் பின்னால் வருபவருக்கு அந்தச் சுமை வெகுவாகக் குறையும். சுமாரான வீரரும் ஒட்டிக்கொண்டே வந்துவிடலாம். மலையில் இந்தச் சலுகை கிடையாது.

ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஆல்ப் துவேஸ் ஏற்றம் 13.8 கி.மீ. நீளம், சராசரிச் சாய்வு 8 சதவீதத்துக்குச் சற்று மேல், 21 கொண்டை ஊசி வளைவுகள். 60 கிலோ வீரர், வண்டி, காலணி, பாட்டில் எல்லாம் சேர்த்து 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஏற, எடையைத் தூக்குவதற்கே சுமார் 300 வாட் வேண்டும். காற்றுக்கு 30 வாட்டுக்குள், டயர் உராய்வுக்கு 15 வாட் அளவில் போதும். ஆக, யார் பின்னால் ஒளிந்தாலும் மிச்சமாவது கொஞ்சம்தான். அவரவர் எடையை அவரவர்தான் தூக்கியாக வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 5.8 வாட் வீதம் 40 நிமிடம் மிதிக்க முடியாதவர் தானாகவே கழன்றுகொள்வார்.

கூடுதலாக ஒரு கிலோ இருந்தால் இதே ஏற்றத்தில் அரை நிமிடம் போல நஷ்டம். வண்டியைக் குறைத்துக்கொண்டே போகவும் வழியில்லை, 6.8 கிலோவுக்குக் கீழே விதி அனுமதிக்காது.

கேள்வி: அப்படியானால் மலையில் அணித் துணைவர்கள் எதற்கு?

பதில்: எதிராளியைக் களைப்பாக்க! துணைவர் ஒரே சீராக, கடுமையான வேகத்தில் இழுத்தால் மற்றவர்களுக்குத் திடீரென்று பாய்வதற்குக் காலில் மிச்சம் இருக்காது. இன்னொரு வழி, மாற்றி மாற்றித் தாக்குவது. 2022இல் 11ஆம் கட்டத்தில் (ஒரு கட்டம் என்பது ஒரு நாள் ஓட்டம்) ஒரே அணியைச் சேர்ந்த ரோக்லிச்சும் விங்கேகோவும் அதைத்தான் செய்தார்கள். மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியில் இருந்த பொகாச்சர் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் தானே பதில் கொடுத்தார். கலிபியே மலையில் தாங்கினார், கடைசி ஏற்றமான கிரானோனில் கால் ஓய்ந்தது. விங்கேகோவிடம் 2 நிமிடம் 51 விநாடி இழந்தார், ஜெர்சியும் போனது. நம்மைக் கேட்டால், எல்லாவற்றையும் துரத்தியதுதான் பிழை.

கேள்வி: மலையுச்சியில் சட்டைக்குள் செய்தித்தாளைச் செருகுவது ஏன்?

பதில்: வியர்வையில் நனைந்த உடம்போடு 2,642 மீட்டர் உயரக் கலிபியேயிலிருந்து மணிக்கு 80 கி.மீ.யில் இறங்கினால் நெஞ்சு விறைத்துவிடும். தாள் காற்றைத் தடுக்கும், ஈரத்தையும் உறிஞ்சும். இப்போது பெரும்பாலும் மெல்லிய கையில்லாச் சட்டைதான். ஜிப்பை இறக்கம் தொடங்கும் முன்பே மாட்டிவிட வேண்டும். வளைவில் கை விட்டால் கதை முடிந்தது.

கேள்வி: அரை மணி நேரம் பிந்தி வருபவர்கள் அடுத்த நாள் எப்படி ஓடுகிறார்கள்?

பதில்: கால வரம்புக்குள் வந்தால் போதும். வென்றவரின் நேரத்தோடு அதில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைக் கூட்டுவார்கள். கட்டத்தின் கடினத்தையும் வென்றவரின் சராசரி வேகத்தையும் பொறுத்து அது மாறும். வென்றவருக்கு 5 மணி நேரம், வரம்பு 12 சதவீதம் என்றால் 36 நிமிடம். கனத்த ஸ்பிரின்டர்கள் (சமதளக் கட்டங்களின் முடிவில் பாய்ந்து வெல்பவர்கள்) இதைக் கணக்குப் போட்டு ஒரே குழுவாக வருவார்கள்; அந்தக் குழுவுக்கு க்ருபெட்டோ என்று பெயர். ஏற்றத்தில் ஒரே சீராக மிதித்து, இறக்கத்திலும் பள்ளத்தாக்கிலும் நேரத்தை மீட்பது அவர்கள் வழக்கம்.

கூட்டமாகப் பிந்துவதில் இன்னொரு லாபம்: நடுவர்கள் எல்லோரையும் வெளியேற்றத் தயங்குவார்கள். 2011இல் கலிபியேயில் முடிந்த கட்டத்தில் 88 பேர் வரம்பைத் தாண்டினார்கள். போட்டியில் நீடிக்க விட்டார்கள், ஆனால் புள்ளி வெட்டினார்கள். 20 புள்ளி இழந்த ஸ்பிரின்டர் கேவன்டிஷ்தான் அந்த ஆண்டு பாரிஸில், புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடிப்பவருக்கான பச்சை ஜெர்சி அணிந்தார்.