ஆடிக் காத்துல எந்த லைன்அப்? கால்பந்து கேள்வி பதில்

உடுமலை: அண்ணா, எங்க கிரவுண்டு கிழக்கு மேக்கா இருக்குதுங்க. ஆடியில மேக்கால இருந்து காத்து தூக்குது. டாஸ் ஜெயிச்சா எந்தப் பக்கம்ங்க? 4-4-2 (பேக் நாலு, நடு ஹாஃப் நாலு, ஃபார்வர்டு ரெண்டு) தாங்குமுங்களா?

முதல் பாதி எதிர்காத்தை எடுங்க தம்பி. கால்ல தெம்பிருக்கும்போதே கஷ்டத்தை முடிச்சுடணும். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து இடைவேளையில நிக்கிற காத்தில்லை. கடைசி 20 நிமிஷம் அவங்க சோர்ந்திருக்கறப்ப அது உங்க முதுகுல இருக்கும்.

எதிர்காத்துல ஒரு ஃபார்வர்டைக் கீழ இறக்கி 4-5-1 ஆடுங்க. கீப்பர் ஓங்கி அடிச்சா பால் மேல நின்னு திரும்பி வரும். கோல் கிக்கைக் கிட்டயே தட்டுங்க: 2019 விதிமாற்றத்துக்குப் பொறவு பால் பாக்ஸை (பெனால்டி ஏரியாவை) தாண்ட வேண்டியதில்லை, ஸ்டாப்பர் (நடு பேக்) ரெண்டு பேரும் பாக்ஸுக்குள்ளயே நின்னு வாங்கலாம். உதைச்சு பால் நகர்ற வரைக்கும் எதிராளி உள்ள வரக்கூடாது.

காத்து கூட இருக்கறப்பதான் நம்ம பசங்க அதிகமா ஏமாறுவாங்க. நீளமா போட்டுப் போட்டு எல்லாப் பாலும் கோல் லைனைத் தாண்டிடும். தரையோட ஆடி, 20 மீட்டர்ல இருந்து தாழ்வா அடிங்க. அவங்க கோல் கிக் அரைக்கோட்டைத் தாண்டாது. உங்க ஹாஃப்கள் அவங்க கோல்ல இருந்து 30, 35 மீட்டர்ல காத்திருக்கணும். ஆனா கோல் கிக்ல இருந்து நேரா வாங்குனா ஆஃப்சைட் கிடையாது. அவங்க ஒரு ஃபார்வர்டை உங்க பேக்குக்குப் பின்னால நிறுத்தி வெச்சிருந்தா லைன்ஸ்மேனைத் திட்டிப் பிரயோசனமில்லை.

பொள்ளாச்சி: 4-3-3 ஆடறோமுங்க. பால் பறிபோனா நடுவுல பெரிய ஓட்டை. எந்த ஹாஃபை மாத்தறது?

யாரையும் மாத்தாதீங்க. கடைசி ஸ்டாப்பருக்கும் முன்னால நிக்கிற ஃபார்வர்டுக்கும் 30, 35 மீட்டர்தான் இருக்கணும். மூணு ஃபார்வர்டும் துரத்தறாங்க, பேக் நாலு பேரும் பாக்ஸ் வாசலை விட்டு நகர்றதில்லை. நடுவுல கிடக்கற 50 மீட்டரை மூணு பேரு எப்படி மூடுவாங்க? ஒரு ஸ்டாப்பர் சத்தம் போட்டு நடத்தணும். எதிராளி பாலைப் பின்னால தட்டுனா அஞ்சு மீட்டர் ஏறுங்க. நெருக்க ஆளில்லாம அவன் தலை தூக்கிட்டான்னா உடனே இறங்குங்க. ஸ்டாப்பருக்கு வேகம் பத்தலைன்னா கீப்பர் பாக்ஸ் விளிம்புக்கு வந்து நிக்கணும்.

திருப்பூர்: இடதுகால்காரனை ரைட் விங்ல போடலாமுங்களா?

போடலாம். அவன் உள்ள வெட்டறப்ப ரைட் பேக் வெளிப்பக்கமா ஏறணும். அந்த பேக்குக்கு மூச்சு பத்தலைன்னா இடதுலயே விட்டுடுங்க.

கோபி, பொண்ணுங்க டீம்: அண்ணா, கார்னர்ல மட்டும் கோல் வாங்கறோமுங்க. ஆளுக்கு ஆள் பிடிச்சுத்தான் நிக்கறோம்.

முதல் ஹெட்டர்ல வாங்கறீங்களா, பாதி தட்டிவிட்ட பால்லயான்னு கவனிங்க அம்மிணி. பெரும்பாலும் ரெண்டாவதுதான் இருக்கும். கிட்டத்துப் போஸ்ட்ல ஒருத்தர், கோல் ஏரியாக் கோட்டுல நல்லாத் தலையடிக்கிற மூணு பேரு; இவங்க ஆளைப் பிடிக்காம இடத்தைக் காக்கட்டும். ஓடி வர்றவங்களை மூணு பேரு மறிக்கணும். பாக்ஸ் விளிம்புல ரெண்டு பேரு, அரைக்கோட்டுல ஒருத்தர். அவர் அங்க நின்னாலே எதிராளி ரெண்டு பேரு பின்னால தங்கிடுவாங்க. பாலை ஓரத்துக்குத்தான் அடிக்கணும், நடுவுல தட்டவே கூடாது.

ஈரோடு: 2018-19ல சென்னை சிட்டி கிளப் நம்ம கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்தை வெச்சே ஐ-லீக் (தேசிய லீக்) கோப்பையைத் தூக்குனாங்களே, அந்தச் சின்னப் பாஸ் ஆட்டம் நமக்கு வருமுங்களா?

அவங்க கோச் அக்பர் நவாஸோட டீமுக்கு முன்னால 21 கோல் போட்ட பெட்ரோ மான்சி இருந்தாருங்க. அப்படியும் மினர்வா பஞ்சாபோட கடைசி ஆட்டத்துல பின்தங்கித்தான் 3-1 ஜெயிச்சாங்க; அதுல ரெண்டு கோல் கௌரவ் போராவோடது, அவரு தடுப்பாட்டக்காரர். அவங்க ஆடுனது புல்தரை. செம்மண்ணுல பால் எகிறும், நிறுத்தவே ரெண்டு தட்டு ஆகும், அதுக்குள்ள எதிராளி மேல வந்துடுவான். பின்னால ரெண்டு பாஸ், மூணாவது ஓரத்துக்கு அனுப்பிடுங்க. சின்னப் பாஸெல்லாம் அரைக்கோட்டுக்கு அக்கட்ட. பால்ல காத்தையும் பாருங்க. விதிப்படி 8.5ல இருந்து 15.6 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) வரைக்கும் இருக்கலாம். கெட்டித் தரைக்கு 9 போதும், எகிறல் கொஞ்சம் அடங்கும்.