ஊருக்கெல்லாம் பாய் நெய்கிற மாமி, பிளாஸ்டிக் பாயில் படுப்பது ஏன்?

கேள்வி: அக்கா, எனக்குச் சொந்த ஊர் மேலப்பாளையம். போன வருஷம் பத்தமடையில் வாக்கப்பட்டேன். என் மாமி நயம் பாய் நெய்கிறவர். பொண்ணு, மாப்பிள்ளை பேரும் கல்யாணத் தேதியும் போட்ட பாய்க்கு எங்கெங்கிருந்தோ அவரைத் தேடி ஆர்டர் வருகிறது. ஆனால் வீட்டில் நாங்கள் உட்காருவதும் படுப்பதும் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பாயில்தான். பெருநாளைக்கு என் உம்மாவும் வாப்பாவும் வந்திருந்தபோது, பீரோ மேல் துணி சுற்றி வைத்திருந்த பாயை எடுத்து விரித்தேன். மாமி சத்தம் போடவில்லை. "அது கெடக்கட்டும்ளா" என்று சுருட்டி எடுத்துக்கொண்டு, பிளாஸ்டிக் பாயைப் போட்டுவிட்டார். உம்மாவுக்கு முகமே விழுந்துவிட்டது. இது கஞ்சத்தனமா, எங்களை மதிக்காததா? தன் கைவேலை மேல் தனக்கே பிரியம் இல்லாமல் ஒருவரால் எப்படி நெய்ய முடிகிறது? என் வீட்டுக்காரரிடம் கேட்டால், "எங்க உம்மா அப்படித்தான்" என்கிறார்.
பெயர் வேண்டாம், பத்தமடை

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் மாமி கஞ்சம் இல்லை, உங்கள் வீட்டாரைக் குறைவாக நினைக்கவும் இல்லை. மனசு ஆறட்டும் என்பதற்காகத்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைவேலை செய்கிறவர்கள் வீட்டில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். காருகுறிச்சியில் பானை வனைகிற ஒரு வீட்டில் சோறு பொங்கியது அலுமினியச் சட்டியில். வீரவநல்லூரில் செடிபுட்டாச் சேலை நெய்கிற ஓர் அம்மா தறியில் உட்கார்ந்திருந்தது, துவைத்ததும் காய்கிற பாலியஸ்டர் சேலையில்.

நீங்கள் மேலப்பாளையத்துப் பிள்ளை. உங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். "நீ சுற்றுகிற பீடியை நீ ஏன் குடிக்கிறதில்லை?" என்று அவர்களிடம் யாராவது கேட்டதுண்டா? அது வயிற்றுப்பாட்டுக்கான வேலை என்று நமக்கே தெரியும். பாய் அழகாக இருக்கிறது. அதனால் நெய்கிறவர் அதை ஆசைக்காக நெய்கிறார், அந்த ஆசை இருந்தால் விரித்துப் படுக்கவும் செய்வார் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். அவருக்கு ஆசை இருக்கிறது. அது போய் நிற்கிற இடம்தான் வேறு.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைச் சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்பு வைப்போம். முந்நூறு பேருக்குத் தேங்காய்ப்பால் பிழிந்து, காய் வெந்த பதம் பார்த்து, இஞ்சிப் பச்சடி கிண்டி இறக்குகிற தவசிப்பிள்ளையைப் பந்தி முடிந்தபின் கவனியுங்கள். வாழையிலை நறுக்கில் மோர்ச்சோறும் நார்த்தங்காயும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். சொதியைத் தொடமாட்டார். காலையிலிருந்து அந்த வாசனையிலேயே நின்றவர் அவர்.

அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சிலரை, மிட்டாயை ஒவ்வொன்றாக முப்பது தின்பதாக மனசுக்குள் நினைக்கச் சொன்னார்கள். வேறு சிலரை மூன்றே மூன்று தின்பதாக நினைக்கச் சொன்னார்கள். பிறகு நிஜ மிட்டாயைக் கிண்ணத்தில் வைத்தபோது, முப்பது நினைத்தவர்கள் குறைவாகத்தான் தின்றார்கள். மிட்டாயைக் கிண்ணத்தில் எடுத்துப் போடுவதாக மட்டும் நினைத்தவர்களுக்கு ஆசை அப்படிக் குறையவில்லை. அனுபவிப்பதை மனசு முன்கூட்டியே நடத்திப் பார்த்துவிட்டால், நிஜமாக அனுபவிக்கிற ஆசை தணிந்துவிடுகிறது. தீனியை வைத்துச் செய்த சோதனை இது. பாய்க்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பாய் உங்கள் மாமி கையில் என்னவெல்லாம் ஆகிறது என்று பாருங்கள்.

தாமிரபரணிக் கரையில் அறுத்த கோரையைக் கீறி, உள்ளே பஞ்சு மாதிரி இருக்கிற சோற்றை எடுத்துக் காயவைக்க வேண்டும். நயம் பாய்க்கென்றால் அதை ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும். ஊறிப் பருத்ததை மறுபடி காயவைத்து, நூல் மாதிரி மெலிசாகக் கிழிக்க வேண்டும். சாயம் தோய்க்க வேண்டும். நீளவாக்கில் பாவு நூல் கட்டி, குச்சியில் கோரையைக் கோத்து ஊடே விட்டு, அச்சை இழுத்து இறுக்க வேண்டும். ஒரு கோரை போட்டாயிற்று. அடுத்தது. 100-லிருந்து 140 வரை கவுண்ட், அதாவது பாவு நூல் எண்ணிக்கை, சொல்கிற பாய்க்கு இப்படி வாரக்கணக்கில் போகும், முழு நீளக் கல்யாணப் பாய் என்றால் மாதமும் ஆகும். இவ்வளவு நாளும் அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? தரையில் கட்டிய அந்தத் தறி மேல், நெய்து முடித்த பகுதிக்குக் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, குத்தவைத்து. நெய்ய நெய்யப் பலகையும் நகர்கிறது, அவரும் நகர்கிறார். அந்தப் பாயில் அவர் கடக்காத ஓர் அங்குலம் கிடையாது. வாங்குகிறவர்கள் ஆயுசுக்கும் அந்தப் பாயில் எவ்வளவு நேரம் உட்காருவார்களோ, அதைவிட அதிக நேரம் அவர் ஏற்கெனவே உட்கார்ந்து முடித்தாயிற்று. தன் பாயை அவர் பயன்படுத்தவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தங்கச்சி.

இன்னொன்று, அவர் கண். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கல்யாண வீட்டில், நெய்த பாயைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்த ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்காரக் கிடைத்தது. மணவறையில் பாயை விரித்தார்கள். பார்த்தவர்கள் எல்லாம் வாயாரப் பாராட்டினார்கள். அந்தப் பெண்ணின் பார்வை மட்டும் மாப்பிள்ளை பெயரில் ஓர் எழுத்தின் மேல் நின்றுவிட்டது. கோரையில் எழுத்தை வளைக்க முடியாது, படிப்படியாகத்தான் ஏற்றி இறக்க வேண்டும். "அந்த 'ந'வுக்குக் கால் ஒரு கோரை தள்ளி வந்துட்டு, பாத்தியளா?" என்றார். குனிந்து பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோதும் கட்டைவிரல் நகத்தால் அந்த இடத்தையே தடவிக்கொண்டிருந்தார்.

தான் நெய்த பாயில் படுக்கிறவருக்கு இதுதான் கதி. ஓரம் மடக்கிய இடத்தில் ஒரு கோரை தூக்கலாக இருக்கும், சிவப்பு ஒரு முழத்துக்கு அப்புறம் ஒரு மாற்றுக் குறைந்திருக்கும். நமக்கு அது பாய். அவருக்கு அது முடியாத வேலை. எழுதுகிறவர்களிலும் அச்சான தன் கதையைத் திரும்பப் படிக்காத பலரை எனக்குத் தெரியும். படித்தால் கை பேனாவைத் தேடும், திருத்தவும் முடியாது. பகலெல்லாம் வேலை பார்த்தவருக்கு ராத்திரி படுக்கையிலாவது வேலை இல்லாத ஓர் இடம் வேண்டும். பிளாஸ்டிக் பாய் அந்த வகையில் புண்ணியம் கட்டிக்கொள்கிறது. அதில் பார்க்க ஒன்றுமில்லை.

சௌகரியத்தையும் சொல்ல வேண்டும். நயம் பாயில் ஈரம் தங்கினால் கறுத்துப் பூசணம் பிடிக்கும், அழுத்தி மடித்தே வைத்தால் நாளடைவில் மடித்த இடம் நையலாம். பிள்ளை மூத்திரம் பெய்தால், குழம்பு கொட்டினால் போச்சு. பிளாஸ்டிக் பாயை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கொடியில் போட்டால் தீர்ந்தது. முட்டி வலிக்க நெய்கிற பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இனி பணம். இதை நான் மெதுவாகச் சொல்லப் போவதில்லை. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 1953-ல் எலிசபெத் ராணி முடிசூட்டுக்கு இங்கிருந்துதான் பாய் போனது என்று உங்கள் ஊரில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தப் பெருமையில் நெய்கிற கைக்கு வந்து சேர்வது கொஞ்சம். கடையில் தொங்குகிற விலைக்கும் வீட்டு வாசலில் எண்ணிக் கொடுக்கிற ரூபாய்க்கும் நடுவில் நிறையப் பேர் நிற்கிறார்கள். ஒரு மாத உழைப்பைத் தரையில் விரித்தால் அந்த மாதம் வருமானம் இல்லை. மனசு நிறைய ஆசை இருந்தும், விற்றால்தான் அடுப்பு எரியும் என்பதற்காக ஒருவர் தன் பாயைத் தொடாமல் இருக்கிறார் என்றால், அது நான் இதுவரை சொன்னதில் சேராது. அது அநியாயம். நெய்கிறவர்களுக்குக் கூலி ஏறாதவரை அது தீராது.

உங்கள் மாமி எந்த வகை என்று எனக்குத் தெரியாது. உங்களால் கண்டுபிடிக்க முடியும். "ஏன் விரிக்கமாட்டேங்கிய?" என்று கேட்காதீர்கள், அது குற்றம்சாட்டுகிற மாதிரி இருக்கும். அவர் தறியில் இருக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். கோரை எடுத்துக் கொடுங்கள். "உங்களுக்குன்னு ஒண்ணு நெய்யணும்னா எப்படி நெய்வீங்க மாமி?" என்று கேளுங்கள். "எனக்கெதுக்கு" என்று சிரித்துவிட்டு அடுத்த கோரையை எடுத்தால், அவருக்கு நிஜமாகவே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளலாம். என்ன நிறம், என்ன கரை என்று தயங்காமல் சொன்னால், அந்தப் பாய் ரொம்ப நாளாக அவர் மனசில் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் வெளியாள் கொடுக்கிற அதே விலையை அவர் கையில் கொடுத்து, ஆர்டராகவே சொல்லுங்கள். மருமகளிடம் பணம் வாங்கமாட்டேன் என்பார். அவருடைய ஒரு மாதத்தை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிக் கொடுங்கள்.

பீரோ மேல் இருக்கிற அந்தப் பாய்? அது யாருடையது என்று விசாரித்தீர்களா? கொடுக்க வேண்டிய ஆர்டராக இருக்கலாம். வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுகிற மாதிரிப் பாயாகவும் இருக்கலாம், அப்படியென்றால் அந்த ஒரு பாய்தான் மற்ற எல்லா ஆர்டரையும் கொண்டுவருகிறது. இல்லையென்றால் ஆயுசில் ஒரு தடவை குறையே இல்லாமல் வந்துவிட்ட பாயாக இருக்கும். கைவேலைக்காரர்கள் அப்படி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வார்கள். இத்தாலியில் கிரெமோனா என்ற ஊரில் வயலின் செய்த ஸ்ட்ராடிவாரி, 1716-ல் செய்த ஒரு வயலினை விற்காமல் 1737-ல் தான் சாகிறவரை பட்டறையிலேயே வைத்திருந்தார். அரச வீடுகளிலிருந்தெல்லாம் அவருக்கு ஆர்டர் வந்த காலம் அது. இன்றைக்கு அது ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகத்தில், வாசித்துத் தேயாமல் புதுசு போல இருக்கிறது. அவர் அதை ஏன் வைத்துக்கொண்டார் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. உங்கள் மாமி உயிரோடு, அடுத்த அறையில் இருக்கிறார். அவரிடம் கேட்கலாம்.

உங்கள் உம்மாவிடம் விஷயத்தை நீங்களே போனில் பேசிவிடுங்கள். அந்தப் பாய் ஒரு மாதத்து உழைப்பு, எங்களைவிட அதைப் பத்திரமாக வைக்க வேண்டிய காரணம் மாமிக்கு இருக்கிறது என்று சொன்னால் போதும். மேலப்பாளையத்துக்காரருக்கு உழைப்பின் விலையை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

விருந்தாளி வந்தால் விரிக்க நல்ல பாய் வேண்டும் என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான். அதற்கு வழி இருக்கிறது: தெருவில் வேறொருவர் நெய்த பாயை வாங்குங்கள். 140 கவுண்ட் வேண்டாம், கொஞ்சம் தடித்த கோரையில் நெய்தது போதும், புழங்கத் தாங்கும். யாரிடம் வாங்கலாம் என்று மாமியைக் கேளுங்கள். எந்த வீட்டில் ஓரம் ஒழுங்காக மடக்குகிறார்கள், எந்த வீட்டுச் சாயம் துணியில் ஒட்டாது என்று ஊரிலேயே அவருக்குத்தான் சரியாகத் தெரியும். அடுத்தவர் நெய்த பாயில் அவரும் வந்து தாராளமாக உட்காருவார் என்று நினைக்கிறேன். அதில் இருக்கிற குறை அவர் திருத்த வேண்டிய குறை இல்லையே. விலை பேசும்போது மட்டும் குறைத்துக் கேட்காதீர்கள். வாங்கி வந்ததை மடிக்காமல் சுருட்டி, ஈரம் படாத இடத்தில் நிறுத்தி வையுங்கள்.