ஹாட்ஃபீல்டு மாளிகையின் அப்பா

அன்புள்ள ஐயா,

தாது வருஷப் பஞ்சம் (1876–78) பற்றி நீங்கள் எழுதியதில், அப்போது லண்டனில் இந்தியாவுக்கான மந்திரியாக இருந்த சாலிஸ்பரி பிரபுவைக் ‘கல்நெஞ்சக்காரர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். அவருடைய குடும்ப வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். காதலித்த பெண்ணுக்காகத் தகப்பனைப் பகைத்துக்கொண்டவர். பிள்ளைகளோடு சரிக்குச் சரி வாதாடிய அப்பா. இவரா அவர்? குழப்பமாக இருக்கிறது.

ம.

அன்புள்ள ம.,

அந்தச் சொல் அவசரத்தில் விழுந்தது. திரும்பப் பெறுகிறேன். ஆனால் ‘இவரா அவர்?’ என்றால், அவரேதான்.

முதலாம் எலிசபெத்தின் மந்திரி வில்லியம் செசிலின் வம்சம். 1830-இல் ஹாட்ஃபீல்டு மாளிகையில் பிறந்தவர், பத்து வயதுக்குள் தாயை இழந்தார். ஈட்டன் பள்ளியில் மற்ற பையன்கள் படுத்திய பாட்டில் பதினைந்து வயதில் வீட்டுக்கே திரும்பிவிட்டார். 1857-இல் நீதிபதி ஒருவரின் மகள் ஜார்ஜினாவை மணந்தபோது, பணமும் அந்தஸ்தும் போதாது என்று தகப்பனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிரபு வீட்டுப் பிள்ளை பத்திரிகைக்கு எழுதிக் குடும்பம் நடத்தினார். அண்ணன் 1865-இல் இறந்த பிறகுதான் பட்டமும் மாளிகையும் இவர் பக்கம் வந்தன.

பிள்ளைகள் விஷயத்தில் நீங்கள் படித்தது சரி. வெளிநாட்டுத் தூதரிடம் பேசுவது போல் அவர்களிடம் மரியாதையாகப் பேசுவாராம். 1880-களின் தொடக்கத்தில் மாளிகைக்கு மின்விளக்கு போட்டார். கூரையில் கம்பி தீப்பற்றினால் பிள்ளைகள் மெத்தைத் திண்டை வீசி அணைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாதத்தைத் தொடர்வார்களாம். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. அந்த வீட்டிலிருந்து ஒரு பிஷப் வந்தார். 1937-இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற ராபர்ட் செசில் வந்தார். பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய மகள் மாட் (Maud) என்பவரும் வந்தார்.

பாசம் அரசாங்கத்துக்குள்ளும் பாய்ந்தது. 1900-இல் பிரதமராக இருந்தபோது மருமகன் கடற்படை மந்திரி, மூத்த மகன் வெளியுறவில் துணை மந்திரி, அக்காள் பிள்ளைகள் இருவர் மந்திரிசபையில். ‘ஹோட்டல் செசில்’ என்று ஊர் சிரித்தது. இரண்டு வருஷத்தில் அவர்களில் ஒருவரான ஆர்தர் பால்ஃபர் பிரதமர் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். இதைவிடப் பெரிய தாய்மாமன் சீர் நான் கேள்விப்பட்டதில்லை!

இனி உங்கள் குழப்பம். 1866-இல் முதல்முறை இந்திய மந்திரியானபோது ஒரிசாவில் பஞ்சம். ஒன்றும் பெரிதாக இல்லை என்று அதிகாரிகள் சொன்னதை நம்பி இரண்டு மாதம் சும்மா இருந்தார். அதற்குள் பருவமழை துறைமுகங்களை மூடிவிட்டது. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அந்தக் குற்றவுணர்ச்சி அவரைக் கடைசிவரை விடவில்லை. கல்நெஞ்சுக்கு இது வராது, அதனால்தான் சொல்லைத் திரும்பப் பெற்றேன்.

ஆனால் 1874-இல் அதே நாற்காலிக்கு மறுபடி வந்து, 1878 வரை இருந்தார். பீகார் பஞ்சத்தில் பர்மா அரிசியை இறக்கி உயிர்களைக் காப்பாற்றிய ஆங்கில அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், செலவாளி என்று வசை வாங்கியிருந்தார். அந்த டெம்பிளைத்தான் வைஸ்ராய் லிட்டன் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். இங்கே அவர் நிவாரண வேலையில் கல் உடைத்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் என்று கூலியைக் குறைத்தார். தானியம் அரை கிலோகூட இல்லை. லண்டனில் மந்திரி நம்முடைய சாலிஸ்பரி.

1875-இல் அவர் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. இந்தியாவின் ரத்தத்தை, அதாவது வரிப்பணத்தை, எடுத்தே ஆகவேண்டும் என்பதால், ஏற்கெனவே சோகை பிடித்த இடத்தில் கத்தியை வைக்காதீர்கள், ரத்தம் கட்டி நிற்கும் இடத்தில் வையுங்கள் என்பது அதன் சாரம். சோகை பிடித்த இடம் என்று அவர் சொன்னது கிராமத்து விவசாயியை. அதாவது கரிசனத்தோடு எழுதியது! கத்தியை எங்கே வைப்பது என்பதில் அவருக்கு இரக்கம் இருந்தது. எதற்குக் கத்தி என்ற கேள்வி எழவில்லை. உணவு மேஜையில் எதையும் எதிர்த்துக் கேட்கலாம் என்றிருந்த வீட்டின் தலைவர் அவர்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் நின்ற இந்தியத் தலைவர் தாதாபாய் நவ்ரோஜி அந்தக் குறிப்பை விடாமல் மேற்கோள் காட்டிவந்தார். ஒரு கறுப்பு மனிதரை ஆங்கிலேயர்கள் தேர்ந்தெடுப்பார்களா என்று 1888-இல் சாலிஸ்பரி மேடையில் கேட்டது அவரைப் பற்றித்தான். நவ்ரோஜியோ சாலிஸ்பரியைவிட வெளுப்பு என்று பத்திரிகைகள் கேலி செய்தன. 1892-இல் சொற்ப வாக்குகளில் நவ்ரோஜி ஜெயித்து நாடாளுமன்றம் போனார்.

மேலும் படிக்க விரும்பினால், மகள் குவெண்டலன் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து தொடங்குங்கள். நான்கு தொகுதிகள். 1892-உடன் நின்றுவிடுகிறது, அவர் முடிக்கவில்லை.